ஏரிக்கு வந்த களைக்கொல்லி எத்தனை நாள் இருக்கும்?

கேள்வி: ஐயா, பெரம்பலூர் மாவட்டத்தில் எங்கள் மகளிர் குழு ஊர் ஏரியில் மீன் குத்தகை எடுத்திருக்கிறது. ஏரிக்கு வரும் ஓடையின் இரண்டு பக்கமும் மக்காச்சோளக் காடுதான், நூற்றைம்பது ஏக்கருக்குக் குறையாது. விதைத்த மூன்றாம் நாளே எல்லாரும் களைக்கொல்லி அடித்துவிடுகிறார்கள். டப்பாவில் அட்ரசின் 50 சதவீதம் என்று போட்டிருக்கிறது. வரப்புக்குக் கிளைபோசேட்டும் அடிக்கிறார்கள். போன ஐப்பசியில் முதல் பெருமழைக்குக் கலங்கல் தண்ணீர் வந்தது. மூன்றாம் நாள் விடியற்காலையில் கட்லா, ரோகு குஞ்சுகள் செத்து மிதந்தன. மருந்துக் கடைக்காரரிடம் கேட்டால், "அதெல்லாம் ஒரு வாரத்துல வீரியம் போயிடும், தண்ணியில கலந்தா இன்னும் சீக்கிரம் போயிடும்" என்கிறார். உண்மைதானா? அந்த மீனைச் சாப்பிடலாமா, மாடு தண்ணீர் குடிக்கலாமா? ஏரிக்கரைக்குக் கீழேதான் ஊர்க் குடிநீர்க் கிணறும் இருக்கிறது. ஏரியில் படர்ந்திருக்கும் ஆகாயத்தாமரைக்கும் களைக்கொல்லி அடிக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். அதையும் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அவர் பார்த்ததைச் சொல்கிறார். மருந்தடித்த ஒரு வாரம் பத்து நாளில் களை மஞ்சளாகிக் காய்ந்துவிடுகிறது. களை செத்ததைப் பார்த்துவிட்டு மருந்தும் செத்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அட்ரசின் எதற்காக அடிக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மக்காச்சோளம் முளைப்பதற்கு முன்பே வெறும் மண்ணில் அடிக்கிறார்கள். அடுத்த ஒன்றரை மாதம், இரண்டு மாதம் முளைக்க வரும் களையெல்லாம் அந்த மருந்தை வேர் வழியாகக் குடித்துச் சாக வேண்டும். ஒரு வாரத்தில் வீரியம் போகிற மருந்தாக இருந்தால் ஒரு விவசாயியும் அதை வாங்க மாட்டார். மண்ணில் நீண்ட நாள் தங்குவதுதான் அதற்குக் கொடுக்கிற விலை.

மண்ணில் அட்ரசினின் அரை ஆயுள் சுமார் 60 நாள் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். அதாவது போட்டதில் பாதி 60 நாளில் சிதையும், மீதியில் பாதி அடுத்த 60 நாளில் சிதையும். இடத்தைப் பொறுத்து இது இரண்டு வாரமாகவும் இருக்கலாம், எட்டு மாதமாகவும் நீளலாம். உங்கள் பக்கத்துக் கரிசல் மாதிரி காரத்தன்மை உள்ள மண்ணில் சிதைவு மெதுவாகத்தான் நடக்கும்.

சரி, தண்ணீருக்கு வருவோம். "தண்ணியில கலந்தா இன்னும் சீக்கிரம் போயிடும்" என்பதுதான் அவர் சொன்னதில் மிகத் தவறான பகுதி. மண்ணில் அட்ரசினைச் சிதைப்பது பெரும்பாலும் நுண்ணுயிர்கள். ஒரு கைப்பிடி மண்ணில் அவை கோடிக்கணக்கில் இருக்கும். ஏரித் தண்ணீரில் அவ்வளவு இல்லை. நடுநிலையான தண்ணீரோடு அட்ரசின் தானாக வினைபுரிந்து உடைவது கிட்டத்தட்ட நடப்பதே இல்லை. வெயில் கொஞ்சம் உடைக்கும், ஆனால் ஐப்பசியில் வரும் செம்மண் நிறக் கலங்கலுக்குள் ஒரு முழம் ஆழத்துக்குக்கூட வெளிச்சம் சரியாக இறங்காது. இது ஆவியாகிப் பறந்துபோகிற மருந்தும் இல்லை. அதனால் தண்ணீரில் இது மாதக்கணக்கில் நிற்கும். காற்று புகாத அடிச்சேற்றில் ஒரு வருடத்தைத் தாண்டியும் நிற்கும்.

அமெரிக்க மத்திய மேற்கு மாநிலங்களில் மக்காச்சோளம் காடு காடாக விளைகிறது. அங்கே நதிகளில் பல வருடம் அளந்து பார்த்ததில் ஒரே மாதிரிக் கதைதான் திரும்பத் திரும்பத் தெரிந்தது. மே, ஜூனில் மருந்தடிப்பார்கள். அதற்குப் பின் வரும் முதல் சில மழைகளில் ஓடைகளிலும் ஆறுகளிலும் அட்ரசின் சட்டென்று ஏறும், பிறகு சில வாரங்களில் இறங்கிவிடும். ஆறு ஓடுகிறது, அதனால் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. ஆனால் அதே தண்ணீர் ஒரு அணைக்கட்டுக்குள்ளோ நீர்த்தேக்கத்துக்குள்ளோ போய் நின்றுவிட்டால், இலையுதிர் காலம், குளிர்காலம் வரைக்கும் அங்கே அட்ரசின் இறங்காமல் இருந்தது. வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளிலும் அது கிடைத்திருக்கிறது. அவற்றில் சுப்பீரியர் ஏரியைச் சுற்றி மக்காச்சோளம் அதிகம் கிடையாது. காற்றிலும் மழையிலும் வந்து சேர்ந்தது, குளிர்ந்த ஆழத் தண்ணீரில் சிதையாமல் தங்கிவிட்டது.

நம் ஊர் வெப்பம் ஒரு வகையில் நமக்குச் சாதகம். சூடான தண்ணீரில் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாக வேலை செய்யும். ஆனால் நம் ஏரிகளுக்கு வேறு ஒரு குணம் இருக்கிறது, அதைத்தான் நான் கவலையோடு பார்க்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வருகிறது. கலிங்கு தாண்டி வழிவது, மதகில் திறந்துவிடுவது, கரையடியில் கசிவது தவிர அது வெளியே போக வழியில்லை. தை தொடங்கிப் பங்குனி, சித்திரை வரைக்கும் வெயில் குடித்துக்கொண்டே இருக்கும். போவது தண்ணீர் மட்டும்தான், அட்ரசின் போகாது. ஒரு பக்கம் அது சிதைந்து குறையும்போதே மறுபக்கம் வற்றுகிற தண்ணீர் அதைக் கெட்டிப்படுத்துகிறது. குழம்பு சுண்டச் சுண்ட உப்பு ஏறுவது மாதிரி.

எவ்வளவு வந்திருக்கும் என்று நீங்களும் நானும் சேர்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது அளந்த முடிவு இல்லை, மதிப்பீடுதான். ஆனால் எந்த இடத்தில் பயப்பட வேண்டும், எந்த இடத்தில் வேண்டாம் என்பதை இது காட்டும்.

நூற்றைம்பது ஏக்கர் என்பது சுமார் 60 ஹெக்டேர். ஹெக்டேருக்கு அரைக் கிலோ அட்ரசின் (50 சதவீதத் தூள் என்றால் ஒரு கிலோ டப்பா) என்று வைத்தால் மொத்தம் 30 கிலோ. வயலில் போட்டதில் மழையோடு ஓடுவது பொதுவாக நூற்றுக்கு ஒன்று என்று எடுத்துக்கொள்ளலாம். அடித்த இரண்டு மூன்று நாளில் கொட்டித் தீர்த்தால் அதற்கு மேலும் போகும். நூற்றுக்கு ஒன்று என்றாலே 300 கிராம். உங்கள் ஏரியின் கொள்ளளவு பத்து மில்லியன் கன அடி என்று வைத்துக்கொள்வோம், அது நிறைந்திருந்தால் 28 கோடி லிட்டருக்கு மேல். அதில் 300 கிராம் கலந்தால் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் (ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரும். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 அட்ரசினுக்கு வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 2 மைக்ரோகிராம். எல்லைக்குள்தான் இருக்கிறது.

ஆனால் முதல் பெருமழை வரும்போது ஏரி நிறைந்திருக்காது. ஐந்தில் ஒரு பங்குதான் தண்ணீர் என்றால் அதே 300 கிராம் லிட்டருக்கு ஐந்து மைக்ரோகிராமைத் தாண்டும். எல்லையைப் போல இரண்டரை மடங்கு. மருந்து மிக அதிகமாக வருகிற நாளும் ஏரியில் தண்ணீர் மிகக் குறைவாக இருக்கிற நாளும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. நான் பரிசோதனைக் கூடத்தில் இருந்த காலத்தில் ஏரித் தண்ணீர் மாதிரிகள் பெரும்பாலும் மாசி, பங்குனியில்தான் வந்து சேரும். முதல் வெள்ளத்துத் தண்ணீரை யாரும் பாட்டிலில் பிடித்துக் கொண்டுவர மாட்டார்கள். கலங்கலாக இருக்கிறதே, தெளியட்டும் என்று காத்திருப்பார்கள். பார்க்க வேண்டிய தண்ணீர் அதுதான் என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்போது உங்கள் மீன்கள். மனதார வருந்துகிறேன், குழுப் பணம் போட்டு விட்ட குஞ்சுகள். ஆனால் அவற்றைக் கொன்றது அட்ரசின் என்று என்னால் சொல்ல முடியாது. மீன் உடனே சாக வேண்டுமானால் லிட்டருக்குச் சில மில்லிகிராம் அட்ரசின் வேண்டும். நாம் போட்ட கணக்கைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு அது. அவ்வளவு வந்திருக்க வழியே இல்லை.

விடியற்காலையில் செத்தன என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல் எனக்கு நிறையச் சொல்கிறது. முதல் வெள்ளம் சாணி, சருகு, மட்கிய குப்பை எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு வருகிறது. அது அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். மூடாப்பான நாளில் பாசியும் ஆக்சிஜன் தயாரிக்காது. இரவு முழுக்கக் குறைந்துகொண்டே போய் விடியும் முன் அடிமட்டத்துக்கு வரும். களைக்கொல்லிக்கு இதில் பங்கு இருக்கிறதென்றால் அது சுற்றுவழியில்தான்: அட்ரசின் இலையில் ஒளிச்சேர்க்கையை நிறுத்துகிற மருந்து, பாசியும் ஒளிச்சேர்க்கைதான் செய்கிறது. லிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராம் அளவில் பாசி தடுமாறத் தொடங்கும். உங்கள் ஏரி முழுக்க அந்த அளவு வந்திருக்காது, ஓடை வந்து விழுகிற இடத்தில் சில நாள் இருந்திருக்கலாம்.

இன்னொன்றையும் விசாரியுங்கள். 2018-இல் படைப்புழு தமிழ்நாட்டுக்கு வந்த பிறகு மக்காச்சோளத்துக்குப் பூச்சிமருந்து அடிப்பது மிகவும் கூடிவிட்டது. பைரித்ராய்டு வகை மருந்து, டப்பாவில் பெயர் பெரும்பாலும் "த்ரின்" என்று முடியும், அது லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான அளவிலேயே மீனைக் கொல்லக்கூடியது. ஓடைக்கரைக் காடுகளில் அந்த வாரம் யாராவது அதை அடித்தார்களா என்று கேளுங்கள். களைக்கொல்லியையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால் அடுத்த வருடமும் மீன் சாகும்.

உயிரோடு இருக்கிற மீனைத் தாராளமாகச் சாப்பிடலாம். டி.டி.டி. மாதிரி அட்ரசின் மீனின் கொழுப்பில் சேர்ந்து சேர்ந்து ஏறுகிற பொருள் இல்லை, உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேறிவிடும். செத்து மிதந்ததை மட்டும் எந்தக் காரணத்தாலும் எடுக்க வேண்டாம். மாடு ஏரித் தண்ணீரைக் குடிப்பதிலும் இந்த அளவுக்குப் பயமில்லை. மருந்து கலக்கிய வாளியில் வாய் வைத்தாலோ, அடித்து ஈரம் காயாத வரப்பில் மேய்ந்தாலோதான் ஆபத்து. தவளைகள் விஷயத்தில் என்னால் இப்படி அடித்துச் சொல்ல முடியாது. 2002-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டைரோன் ஹேய்ஸ் என்ற ஆய்வாளர், லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமிலேயே ஆண் தவளைகளின் இனப்பெருக்க உறுப்புகள் மாறுவதாக வெளியிட்டார். அதை மறுத்தவர்களும் உண்டு, சண்டை வருடக்கணக்கில் நடந்தது. என் சொந்தக் கருத்து, தவளை முட்டையிடுகிற காலமும் மருந்து ஓடிவருகிற காலமும் ஒன்றாக இருக்கிற நம் ஏரிகளில் இதைத் தள்ளிவிட முடியாது என்பது.

ஆனால் நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்தக் கிணற்றைப் பற்றித்தான் எனக்கு மீனைவிட அதிகக் கவலை.

அட்ரசின் மண்துகளில் இறுக்கமாக ஒட்டுவதில்லை. தண்ணீர் கீழே இறங்கினால் கூடவே இறங்கும். ஏரிக்கரைக்குக் கீழே கிணறு வெட்டியதே ஏரிக் கசிவு ஊறட்டும் என்றுதான். வெளிச்சம் இல்லை, நுண்ணுயிர் குறைவு, உணவு குறைவு, அப்படிப்பட்ட நிலத்தடியில் போய்ச் சேர்ந்தால் சிதைவு அநேகமாக நின்றுவிடும். ஜெர்மனி 1991-இலேயே அட்ரசினைத் தடை செய்தது. அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும் அந்த நாட்டு நிலத்தடி நீரில் அட்ரசினும், அது பாதி உடைந்து உண்டாகும் டெஸ்எதில் அட்ரசினும் கிடைத்துக்கொண்டே இருந்தன. பாதி உடைந்ததால் நஞ்சு போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். இந்தத் துண்டு தாய்ப்பொருளைவிட வேகமாக மண்ணுக்குள் இறங்கும், உடம்பில் அதன் வேலையும் ஏறக்குறைய அதேதான். பிறகு ஐரோப்பிய ஒன்றியம் முழுவதுமே அட்ரசினுக்கு அனுமதி மறுத்ததற்கு நிலத்தடி நீர்தான் காரணம்.

குடிநீரில் வந்தபின் எடுப்பதும் சுலபமில்லை. கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் சுண்டும், அவ்வளவுதான். குளோரின் போட்டாலும் படிகாரம் போட்டாலும் போகாது. தேத்தாங்கொட்டை தேய்த்தால் கலங்கல் அடங்கும், கரைந்திருக்கிற அட்ரசின் அப்படியே இருக்கும். கிளாஸில் கண்ணாடி மாதிரித் தெளிந்திருக்கிற தண்ணீரில் அது இருக்கலாம், நிறம், மணம், ருசி எதுவும் காட்டிக்கொடுக்காது. செயலூட்டிய கரி வடிகட்டி பிடித்துக்கொள்ளும், ஆர்.ஓ. இயந்திரமும் பெரும்பகுதியை நிறுத்தும். அமெரிக்காவில் ஊர் ஊராக இந்தக் கரி வடிகட்டிக்குச் செலவழித்த குடிநீர் அமைப்புகள் தயாரிப்பு நிறுவனமான சின்ஜென்டா மீது வழக்குப் போட்டு, 2012-இல் 10.5 கோடி டாலருக்கு உடன்பாடு ஆனது. நம் ஊராட்சிக்கு அந்த வழி ஏது? அதனால் கிணற்றுக்கு வருவதற்கு முன்பே நிறுத்துவதுதான் நமக்குக் கட்டுப்படியாகும்.

கிளைபோசேட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதன் குணம் நேர் எதிர். அது களிமண்ணில் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். கலங்கல் தண்ணீரோடு மண்ணாக வரும், ஏரியில் மண்ணோடு படிந்து சேற்றுக்குள் போகும். தண்ணீரிலிருந்து சில நாள், சில வாரத்தில் குறைந்துவிடுவது சிதைந்ததால் மட்டுமில்லை, பாதி இடம் மாறியதால். கிணற்றுக்கு இறங்குகிற பயம் குறைவு. ஆனால் அந்த டப்பாவில் மருந்து இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் சோப்பு மாதிரியான பொருள் இருக்கிறதே, அது மீன்குஞ்சுக்கும் தலைப்பிரட்டைக்கும் கிளைபோசேட்டைவிடக் கொடியது. ஏரிக்கரை வரப்பில் அதை அடிக்க விடாதீர்கள். வாசகர்கள் சிலர் பாராகுவாட் என்ற களைக்கொல்லி பற்றியும் அடிக்கடி கேட்பதால் ஒரு வரி: அது இன்னும் இறுக்கமாகக் களிமண்ணைப் பிடித்துக்கொள்ளும், சேற்றில் வருடக்கணக்கில் கிடக்கும், ஆனால் அப்படிப் பிடிபட்டது செடிவேருக்குக் கிடைக்காது.

ஆகாயத்தாமரைக்கு மருந்து வேண்டவே வேண்டாம். ஒரே நாளில் அத்தனையும் செத்து அழுகினால் உங்கள் ஏரியில் ஆக்சிஜன் மிஞ்சாது, மிச்ச மீனும் போகும். ஆள் வைத்து இழுத்துக் கரையில் போட்டு மட்க விடுங்கள்.

மக்காச்சோளக்காரர்களிடம் என்ன பேசலாம்? "மருந்தே அடிக்காதே" என்று போய் நின்றால் கதவு மூடிவிடும், களையெடுக்க ஆள் கிடைக்காத கஷ்டம் அவர்களுக்கு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் ஸ்பிரேயர் கழுவுவதைப் பேசுவேன். ஏக்கருக்கு 200 கிராம் அட்ரசினை 200 லிட்டர் தண்ணீரில் கலந்தால் ஒரு லிட்டரில் ஒரு கிராம். டேங்கின் அடியில் மிஞ்சுகிற ஒரு லிட்டரை ஓடையில் கவிழ்த்துக் கழுவினால், அந்த ஒரு கிராம் ஐந்து லட்சம் லிட்டர் தண்ணீரைக் குடிநீர் எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். முப்பது பேர் அப்படிக் கழுவினால்? இதை நிறுத்த யாருக்கும் ஒரு பைசா செலவில்லை. கழுவின தண்ணீரை அவரவர் காட்டிலேயே, அடித்த மண்ணிலேயே தெளித்துவிட்டால் போதும். அங்கே அதைத் தின்ன நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் மினசோட்டாவில் அட்ரசின் கொட்டிக் கிடந்த மண்ணிலிருந்து அதையே நைட்ரஜன் உணவாக எடுத்துக்கொள்ளும் சூடோமோனாஸ் வகை பாக்டீரியாவைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். மண்ணால் முடிவது ஏரித் தண்ணீரால் முடியாது.

அடுத்து மழை. வானிலை அறிவிப்பில் இரண்டு நாளுக்குள் கனமழை என்றால் அடிப்பதைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள். அடித்த மருந்து ஓடைக்குப் போனால் களையும் சாகாது, அவர்கள் பணமும் போச்சு, இந்தப் பேச்சு எடுபடும். உளுந்து, தட்டைப்பயறு ஊடுபயிர் போடுகிறவர்கள் எப்படியும் அட்ரசின் அடிக்க முடியாது, பயறு கருகிவிடும். வேளாண் பல்கலைக்கழகமே அங்கே பெண்டிமெத்தலினைத்தான் பரிந்துரைக்கிறது. அது மண்ணில் நன்றாக ஒட்டுகிற மருந்து, கிணற்றுக்கு நல்லது, ஆனால் மண்ணோடு அரித்து ஏரிக்கு வந்தால் மீனுக்கு நல்லதில்லை. அதனால் ஓடைக்கரையில் பத்தடி, பதினைந்தடிக்குப் புல்லை அப்படியே விடுவது எந்த மருந்துக்கும் உதவும். மண்ணோடு வருகிறதை நன்றாகப் பிடிக்கும். கரைந்து வரும் அட்ரசினில், தண்ணீர் புல்லுக்குள் நின்று மண்ணுக்குள் இறங்குகிற அளவுக்குத்தான் பிடிக்கும். ஓடை ஏரிக்குள் நுழைகிற இடத்தில் இருக்கும் கோரையையும் நாணலையும் வெட்டாமல் விடுங்கள். குஞ்சுகளை முதல் வெள்ளம் வந்து தெளிந்து இரண்டு மூன்று வாரம் கழித்து விடுங்கள்.

கடைசியாகப் பரிசோதனை. கிணற்றுத் தண்ணீர் ஒன்று, முதல் வெள்ளம் வந்த இரண்டு மூன்று நாளுக்குள் ஏரித் தண்ணீர் ஒன்று, தை மாதம் மறுபடி ஏரியிலும் கிணற்றிலும் ஒவ்வொன்று. பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டிலைக் கூடத்திலேயே கேட்டு வாங்குங்கள். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றோ மறுநாளோ கொண்டுபோய்ச் சேருங்கள். என்.ஏ.பி.எல். (பரிசோதனைக் கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள கூடமா, அந்த அங்கீகாரத்தில் தண்ணீரில் அட்ரசின் அடங்குமா என்று முதலில் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். "பூச்சிமருந்து எல்லாம் பாருங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் கிளைபோசேட் அதில் வராது, அதற்குத் தனி முறை, தனிக் கட்டணம். கிணற்றுக்கு அட்ரசினும் டெஸ்எதில் அட்ரசினும் போதும், பணத்தை அதிலேயே போடுங்கள்.

முடிவில் "கண்டறியப்படவில்லை" என்று வந்தால் உடனே நிம்மதி அடையாதீர்கள். அவர்கள் கருவி கண்டறியும் எல்லை எவ்வளவு என்று பாருங்கள். அது லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்று இருந்தால், 2 மைக்ரோகிராம் எல்லையைப் பற்றி அந்தத் தாள் நமக்கு எதுவும் சொல்லவில்லை என்று பொருள். 0.1 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நம்பலாம். இந்த எண்ணைப் பெரும்பாலும் இரண்டாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். இரண்டு பக்கத்தையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.